இழுத்தால் போதாது, நிற்கவும் வேண்டும்

மிச்சிகனில் பனி உருகி ஏரிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும், மாணவர்கள் மத்தியில் வருடா வருடம் ஒரு பேச்சு கிளம்பும். "நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய படகு வாங்கினா என்ன?" இந்த மாநிலத்துக்கு உள்ளே மட்டும் 11,000-க்கும் மேற்பட்ட ஏரிகள். சுற்றிலும் ஐந்து பேரேரிகளில் நான்கு. ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். அந்தப் படகைத் தேர்ந்தெடுக்க மாதக் கணக்கில் ஆராய்ச்சி நடக்கும். எத்தனை அடி, என்ன மோட்டார், மீன் பிடிக்கவா, சும்மா சுற்றவா என்று விடிய விடிய விவாதம் ஓடும். ஆனால் அதை இழுத்துப் போகிற வண்டி விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு கேள்விதான். "இது எவ்வளவு இழுக்கும்?"

விற்பவரும் அதற்குத் தயாராக ஒரு எண் வைத்திருப்பார். "ஐயாயிரம் பவுண்டு இழுக்கும்." சரி, நம் படகு நாலாயிரத்துச் சொச்சம்தானே, முடிந்தது கதை. ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதை இதுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு இழுக்கப் பழைய வண்டி வாங்குபவர் கடைசியாகப் பார்க்க வேண்டியது அது எவ்வளவு இழுக்கும் என்பதை. முதலில் பார்க்க வேண்டியது மூன்று. எவ்வளவு தாங்கும், எப்படி நிற்கும், அடியில் துருப்பிடிக்காமல் இருக்கிறதா.

நம் ஊர்த் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். பக்தி இருந்தால் போதும், தேர் நகர்ந்துவிடும். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையும் கையுமாக நாலைந்து பேர் ஓடி வருவார்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். அவர்கள் இல்லாமல் தேரை இழுக்க எந்த ஊரும் சம்மதிக்காது. ஹைவேயில் படகு இழுக்கிற நாம் மட்டும் வடத்தை எண்ணிவிட்டு முட்டுக்கட்டையை மறந்துவிடுகிறோம்.

முதலில் படகின் எடை

விளம்பரத்தில் போட்டிருக்கிற எடை பெரும்பாலும் வெறும் படகின் எடை. மோட்டார், டிரெய்லர், பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி எதுவும் அதில் சேராது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். பதினாறு அடி அலுமினிய மீன்பிடிப் படகு 800 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் 250. டிரெய்லர் 500. பன்னிரண்டு காலன் பெட்ரோல், காலனுக்கு ஆறு பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 75. இரண்டு பேட்டரி 100. இதர சாமான் 200. கூட்டினால் 1,925. எண்ணூறு பவுண்டுப் படகு ரோட்டுக்கு வரும்போது இரண்டாயிரத்தைத் தொட்டுவிட்டது.

இதே கணக்கைப் பத்தொன்பது, இருபது அடி ஃபைபர் கிளாஸ் படகுக்குப் போட்டால், வெறும் படகு 3,000 என்றாலும், டிரெய்லர், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்ந்து 4,500 பக்கம் போய் நிற்கும். மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டியில் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டால் இன்னும் கூடும். ஒரு காலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல். (ஏரியிலிருந்து கிளம்பும் முன் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும் என்பது மிச்சிகனில் 2019 முதல் சட்டமும்கூட. ஒரு ஏரியின் சிப்பியும் களையும் அடுத்த ஏரிக்குப் போகாமல் இருப்பதற்காக. எடை குறைவது நமக்குக் கிடைக்கும் கொசுறு.)

சந்தேகமாக இருந்தால், லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் எடை மேடை இருக்கிறது. சொற்பக் காசுக்கு எடை போட்டுச் சீட்டு தருவார்கள். படகு வாங்கும் முன்பே விற்பவரோடு போய் எடை போட்டுவிடுவது உத்தமம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

இப்போது விற்பவர் சொன்ன "ஐயாயிரம்" விஷயத்துக்கு வருவோம். பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். பல வருடங்களாக அமெரிக்காவில் ஒவ்வொரு கம்பெனியும் இழுவைத் திறனைத் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து போட்டுக்கொண்டிருந்தது. பிறகுதான் ஜே2807 என்று ஒரு பொது அளவுமுறை வந்தது. டொயோட்டா 2011 மாடல்களிலிருந்து அதைப் பின்பற்ற ஆரம்பித்தது. மற்ற பெரிய பிக்கப் கம்பெனிகள் 2015 வாக்கில்தான் வந்து சேர்ந்தன. அந்த முறையில், அரிசோனாவின் டேவிஸ் டாம் அருகே பதினோரு மைலுக்கு மேல் நீளும் ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாமல் டிரெய்லரை இழுத்துக் காட்ட வேண்டும். ஆகவே 2008 மாடல் வண்டியின் 5,000-மும் 2016 மாடல் வண்டியின் 5,000-மும் ஒன்றல்ல.

அடுத்த சிக்கல், ஒரே பெயரில் ஓடுகிற வண்டிகள் எல்லாம் ஒரே வண்டி இல்லை. ஃபோர்டு எஃப்-150 என்று சொன்னால் மட்டும் போதாது. 2011-ஐ ஒட்டிய வருடங்களில் அதன் இழுவைத் திறன், எஞ்சின், ஆக்ஸில் விகிதம், கேபின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து ஐயாயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி 11,000 தாண்டிப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் அதே வண்டியில் பெரிய படகு இழுக்கிறார் என்பதால் நம் வண்டியும் இழுக்கும் என்று நினைப்பது, அண்ணன் கணக்கில் நூறு வாங்கினான், தம்பியும் வாங்குவான் என்பது போல.

எதை இழுக்கிறோம் என்பதும் எண்ணை மாற்றும். முதல் தலைமுறை ஹோண்டா பைலட்டில் படகுக்கு 4,500 பவுண்டு, மற்ற டிரெய்லருக்கு 3,500 என்று இரண்டு எண்கள் உண்டு. படகின் மூக்கு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பெட்டி போன்ற டிரெய்லர் காற்றோடு மல்லுக்கட்டும். எனவே விளம்பரத்தை நம்பாமல், அந்த வண்டியின், அந்த வருடத்தின், அந்த எஞ்சினின் கையேட்டைப் பாருங்கள். இன்றைக்கு எல்லாக் கையேடும் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது.

யாரும் படிக்காத ஸ்டிக்கர்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். என்னைக் கேட்டால் வண்டியிலேயே முக்கியமான எண் அதுதான். காரணம், டிரெய்லரின் மூக்கு நம் வண்டியின் பின்புறத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூக்கு எடை பொதுவாக டிரெய்லரின் மொத்த எடையில் பத்து சதவீதம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்துவிடும். ரொம்பக் கூடினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்காது.

நாலாயிரத்து ஐந்நூறு பவுண்டுப் படகுக்கு மூக்கு எடை 450. நாலு பேர், தலைக்கு 160 என்றால் 640. இரண்டும் சேர்ந்து 1,090. ஐஸ் பெட்டி, தூண்டில், துணிமணி 100. மொத்தம் 1,190. வண்டியின் ஸ்டிக்கரில் 1,150 என்று போட்டிருந்தால்? "ஐயாயிரம் இழுக்கும்" என்று சொன்ன அதே வண்டி, இழுவைக் கணக்கில் பாஸ், சுமைக் கணக்கில் ஃபெயில். வண்டி நகரும், ஏறும், பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடும். ஆனால் பின் டயரும் பின் ஸ்பிரிங்கும் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கும். அது நமக்குத் தெரிய வருவது திடீரென்று ஒதுங்க நேரும்போதுதான்.

இன்னொரு மாயை, ஹிட்ச். சின்னக் காருக்குப் பின்னால் பெரிய ஹிட்ச் மாட்டிவிட்டால் பெரிய படகு இழுக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். கிளாஸ் ஒன் ஹிட்ச் 2,000 பவுண்டு, கிளாஸ் டூ 3,500 என்பதெல்லாம் அந்த இரும்பின் வலிமை, காரின் வலிமை இல்லை. கார், ஹிட்ச், பந்து, டிரெய்லர் நான்கில் எது சின்ன எண்ணோ, அதுதான் உங்கள் எண். பந்தின் அளவும் டிரெய்லரின் கப்ளரும் பொருந்த வேண்டும். இரண்டு அங்குலக் கப்ளரை அதைவிடச் சின்னப் பந்தில் மாட்டினால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஒரு பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும்.

நிற்பது எப்படி

நாலாயிரத்து ஐந்நூறு பவுண்டு வண்டிக்குப் பின்னால் நாலாயிரத்து ஐந்நூறு பவுண்டு படகு. எடை இரண்டு மடங்கு. பிரேக் மட்டும் அதேதான். அதனால்தான் பல மாநிலங்களில் டிரெய்லர் 3,000 பவுண்டைத் தாண்டினால் அதற்கென்று தனி பிரேக் கட்டாயம். நான் அந்த எல்லைக்குக் கீழே இருந்தாலும் பிரேக் உள்ள டிரெய்லர்தான் வேண்டும் என்பேன். மழையில் நனைந்த இறக்கத்துக்கு எல்லைக்கோடு தெரியாது.

படகு டிரெய்லர்களில் அதிகம் இருப்பது சர்ஜ் பிரேக். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் வந்து தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலே ஒரு சிலிண்டரை அழுத்தி டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். வண்டிக்குள் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. தண்ணீரில் இறங்கி ஏறும் டிரெய்லருக்கு இது வசதி. ஒரே தொல்லை, ரிவர்ஸ் எடுத்தாலும் தள்ளல்தானே? அதற்கும் பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க ரிவர்ஸ் விளக்கின் சமிக்ஞையை டிரெய்லருக்குக் கொண்டு போகும் ஐந்தாவது வயர் வேண்டும். நாலு வயர் மட்டும் உள்ள பழைய வண்டியை வாங்கிவிட்டு, வீட்டு வாசல் மேட்டில் படகை ஏற்ற முடியாமல் திணறுகிறவர்கள் உண்டு. வாங்கும்போதே பின் பம்பருக்குக் கீழே குனிந்து பாருங்கள்.

ஏரிக்கரை ரேம்ப் இன்னொரு பரீட்சை. பாசி படிந்த, நனைந்த, சரிவான சிமென்ட். வண்டியின் மூக்கு மேலே, படகு கீழே. எடை முழுக்கப் பின்னால் சாய்ந்துவிடும். முன் சக்கர இழுவை உள்ள வண்டியில், இழுக்க வேண்டிய சக்கரமே லேசாகிச் சுற்றும். சின்னப் படகுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. பெரிய படகுக்குப் பின் சக்கர இழுவையோ நான்கு சக்கர இழுவையோ இருந்தால் நிம்மதி. எந்த வண்டியாக இருந்தாலும் ரேம்பில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடுவதோடு சக்கரத்துக்குப் பின்னால் கட்டையும் வைக்க வேண்டும். அதே முட்டுக்கட்டைதான் :-)

பழைய வண்டியின் அடிவயிறு

இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு ஒரு தலைவிதி உண்டு. குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு. ஏற்கனவே உப்பு தின்ற வண்டியை ஈரத்திலும் இறக்கப் போகிறோம். மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் சட்டம் பொடிந்து கொண்டிருக்கும். இது ஏதோ மலிவு வண்டிகளுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்க வேண்டாம். நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற டொயோட்டாவே, 2005 முதல் 2010 வரையிலான டகோமா, 2007, 2008 டன்ட்ரா, 2005 முதல் 2008 வரையிலான செகோயா வண்டிகளின் சட்டம் துருப்பிடித்த வழக்கில் 2016-ல் சமரசத்துக்கு வந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகும் என்று அப்போது கணக்கிட்டார்கள். ஹிட்ச் மாட்டியிருப்பது அந்தச் சட்டத்தில்தான். சட்டம் போனால் மற்ற எண்கள் எல்லாமே வெறும் மை.

ஆகவே லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகம் இரண்டு மடங்காக வேண்டும். லிஃப்டில் ஏற்ற விற்பவர் மறுத்தால் அதுவே பதில். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அடுத்து டிரான்ஸ்மிஷன். டிரெய்லர் இழுக்கும் வண்டி பெரும்பாலும் சாவது எஞ்சினால் அல்ல, டிரான்ஸ்மிஷன் சூட்டால். அளவுகோல் இருக்கிற வண்டியானால் எண்ணெயை எடுத்து முகர்ந்து பாருங்கள். பழுப்பேறி, கருகிய வாடை வந்தால் விலகிவிடுங்கள். டோயிங் பேக்கேஜ் என்று கம்பெனியே போட்டுக் கொடுத்த வண்டி கிடைத்தால் கூடக் கொஞ்சம் கொடுத்து வாங்கலாம். அதில் பெரும்பாலும் டிரான்ஸ்மிஷனுக்குத் தனிக் குளிர்விப்பானும் சரியான வயரிங்கும் ஹிட்சும் சேர்ந்தே வரும். வெளியில் மாட்டிய ஹிட்ச் மட்டும் இருந்து குளிர்விப்பான் இல்லையென்றால், முன்னாள் சொந்தக்காரர் என்ன இழுத்தார், எத்தனை வருடம் இழுத்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வெள்ளத்தில் முழுகிய வண்டியா என்று பாருங்கள். 2005-ல் கத்ரீனா, 2017-ல் ஹார்வி, 2022-ல் இயன் என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் முழுகிய வண்டிகள் துடைத்து மெழுகப்பட்டு வேறு மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தன. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், கார்பெட்டில் ஈர வாடை, இவை சாட்சி. வண்டியின் பதினேழு இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து, இன்சூரன்ஸ் மோசடிகளைக் கண்காணிக்கும் அமைப்பின் தளத்தில் இலவசமாகவே தேடலாம். பாக்கியிருக்கும் ரீகால்களையும் அதே எண்ணை வைத்து அரசாங்கத் தளத்தில் பார்க்கலாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

என் பரிந்துரை எளிமையானது, கொஞ்சம் கவர்ச்சியில்லாதது. படகின் உண்மையான எடை வண்டியின் எண்ணில் எண்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாயிரம் பவுண்டுக்குள் இருக்கும் அலுமினியப் படகுக்கு, சியன்னா, ஒடிசி மாதிரி ஒரு மினிவேனே போதும். சரியான டோயிங் சாமான் போட்டிருந்தால் அவை 3,500 வரை இழுக்கும். வாரம் முழுக்க மளிகை வாங்கவும் ஏர்போர்ட் போகவும் உதவும். பார்க்க "அப்பா வண்டி" மாதிரி இருக்கும் என்று வெட்கப்பட வேண்டாம், ஏரிக்கு அது தெரியாது. மூவாயிரம், நாலாயிரம் பவுண்டுக்கு 5,000 எண் உள்ள ஆறு சிலிண்டர் ஹைலேண்டர் (டோயிங் பேக்கேஜோடு), ஃபோர்ரன்னர் போன்றவை. அதற்கு மேலே போனால் முழு அளவுப் பிக்கப்தான். அப்போது பெட்ரோல் செலவையும் பார்க்கிங் தொல்லையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வருடத்தில் ஆறு தடவை படகு இழுக்க, மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் யானைக்குத் தீனி போட வேண்டுமா? அதைவிடப் படகைச் சின்னதாக்குவது புத்திசாலித்தனம். ஒரே ஏரிக்குத்தான் போவீர்கள் என்றால் சீசன் முழுக்க அங்கேயே கட்டிவைத்துவிட்டு, இழுவை வண்டி என்ற பேச்சையே விட்டுவிடலாம். கூட்டாக வாங்குகிற நண்பர்களுக்கு ஒன்று. டைட்டிலிலும் இன்சூரன்ஸிலும் யார் பெயர், யார் யார் ஓட்டலாம் என்பதை வாங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். வேலை கிடைத்து வேறு மாநிலத்துக்குப் போனவனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

எதிர்ப்பேச்சு எனக்குத் தெரியும். "நான் பத்து வருஷமா சின்னக் காரிலேயே இழுக்கிறேன், ஒண்ணும் ஆகலை." இருக்கலாம். சொல்லப்போனால் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாதுதான். இந்த எண்கள் எல்லாம் பெரும்பாலான நாட்களுக்காகப் போட்டவை இல்லை. முன்னால் போகிற கார் காரணமே இல்லாமல் நிற்கிற அந்த ஒரு நாளுக்காகப் போட்டவை. அந்தக் காருக்குள் இருப்பவர் நம் படகில் ஏறப் போவதில்லை, நாம் பிடிக்கும் மீனைச் சாப்பிடப் போவதில்லை. நம் சந்தோஷத்தில் ஒரு பங்கும் இல்லாத அவர், நம் கஞ்சத்தனத்தில் மட்டும் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நமக்குச் சொல்ல உரிமையில்லை.

மாணவனுக்குக் காசு குறைவு என்பது உண்மை. நானும் மாணவன்தான். குறைந்த காசுக்குச் சின்னப் படகும் நிற்கத் தெரிந்த வண்டியும் கட்டாயம் கிடைக்கும். பெரிய படகும் எப்படியோ இழுக்கிற வண்டியும்கூட அதே காசுக்குக் கிடைக்கும். கடையில் இரண்டுக்கும் ஒரே விலைதான். வித்தியாசம் ரோட்டில்தான் தெரியும்.